கல்லில் உரித்த நார்

கொடாக்கண்டனிடம் காசு வாங்குவதைக் ‘கல்லில் நார் உரிக்கிற மாதிரி’ என்போம். நடக்காத காரியத்துக்கு அந்த உவமை. உண்மையில் சில கற்களில் நார் இருக்கிறது. தட்டி, விரலால் பிரித்தால் பஞ்சு மாதிரி வரும். நூற்கலாம், நெய்யலாம், நெருப்பில் போட்டால் எரியாது. அதனால்தான் தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். என் பெரியப்பா ஒருவரைத் தவிர, பாடப்புத்தகத்துக்கு வெளியே யார் வாயிலிருந்தும் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஒரகடம் பக்கம் அது வெறும் ஷீட்டு. மாத்தூரில் ஆறு பேர் சேர்ந்து தங்க அறை கேட்டால், “ஏசி ஷீட்டு போட்ட ரூம்தான் இருக்குது” என்பார் வீட்டுக்காரர். புதிதாக வந்த பையன் ஒரு நொடி சந்தோஷப்படுவான். ஏசி என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்.

கடந்த ஒரு வருடத்தில் இந்தக் கல்நாரைப் பற்றி நான் படித்த சிலவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி இது. ஒரு நாட்குறிப்பு, ஓர் அத்தியாயம், சில தமிழ் நாவல்கள், ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கடைசியில் சொன்னதை இலக்கியக் கட்டுரையில் சேர்ப்பது சரியா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இவற்றில் நான் அதிக முறை திரும்பத் திரும்ப வாசித்தது அதைத்தான்.

*

காஃப்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன். (ஐ.டி.க்காரன் எழுதினால் காஃப்கா வராமல் இருக்காது. தெரியும்.) அலுவலகத்தை வெறுத்த குமாஸ்தா என்றுதான் நம்மில் பலருக்கு அவர் அறிமுகம். 1908 முதல் ப்ராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்தத் தொழிற்சாலை எவ்வளவு ஆபத்தானது என்று வகைப்படுத்துவது, முதலாளிகளின் மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது, விபத்துகளைக் குறைக்க வழி சொல்வது. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு வைத்தால் விரல்கள் தப்பும் என்று, சிதைந்த கைகளின் படத்தோடு அவர் எழுதிய அறிக்கை இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ஒரு பொறியியல் மாணவனுக்கு அதைவிடத் தெளிவான தொழில்நுட்ப உரைநடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே காஃப்கா 1911 கடைசியில் தன் தங்கையின் கணவரோடு சேர்ந்து ஜிஷ்கோவ் பகுதியில் ஒரு ஆலைக்குப் பங்குதாரர் ஆனார். அப்பாவின் பணம், மகனின் பெயர். ஆலையின் பெயர் ‘ப்ராக் ஆஸ்பெஸ்டாஸ் வேலைகள்’ என்ற பொருளில் வரும். பகலில் தொழிலாளர் காப்பீட்டு அதிகாரி, மாலையில் கல்நார் ஆலை முதலாளி.

1912 பிப்ரவரியில் அந்த ஆலைக்குப் போய்வந்து நாட்குறிப்பில் ஒரு பத்தி எழுதுகிறார். அங்கே வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. அழுக்கான தளர்ந்த உடைகள், கலைந்த தலை, பட்டைகளும் இயந்திரங்களும் ஓயாமல் போடும் சத்தம். யாரும் அவர்களை மனிதர்களாகக் கணக்கில் எடுப்பதில்லை, வணக்கம் சொல்வதில்லை, இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆனால் ஆறு மணி அடித்ததும் தூசியைத் தட்டி, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு மறுபடி பெண்களாகிவிடுகிறார்கள். காஃப்காவின் கருணைக்கு உதாரணமாக விமர்சகர்கள் காட்டும் பத்தி இது. எனக்கும் இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் பிடித்திருந்தது.

இப்போது படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தப் பத்தியில் தூசி கழுவினால் போய்விடுகிறது. பத்தியின் அழகே அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. தூசி போவதால்தான் மனுஷி திரும்ப வருகிறாள். உள்ளே இழுத்த தூசி ஆறு மணிக்குப் போகாது. நுரையீரலில் தங்கும் நாரை உடம்பு கரைக்கப் பார்க்கிறது, முடியாமல் சுற்றிலும் தழும்பு போடுகிறது. இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் மாடிப்படி ஏறும்போது தெரியவரும். விரல் போனால் படம் வரைந்து காட்டிவிடலாம். இதை எப்படி வரைவது? காஃப்காவின் அலுவலகமே விபத்துக்கான அலுவலகம். விபத்து என்றால் தேதி இருக்கும், நேரம் இருக்கும், பார்த்தவர்கள் இருப்பார்கள்.

அன்றைக்கு யாருக்குத்தான் தெரியும் என்று காஃப்காவுக்காக வாதாடலாம். முழுக்கச் சரியில்லை. இங்கிலாந்தின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் 1898-லேயே கல்நார்த் தூசியை நுண்ணோக்கியில் பார்த்து, கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையானது என்று எழுதிவைத்துவிட்டார்கள். அறிக்கை அரசிடம் இருந்தது. அறிக்கை இருப்பதும் அது ஒருவருக்குத் தெரிவதும் வேறு வேறு விஷயம். இதைக் காஃப்காவை விட நன்றாகச் சொன்னவர் இல்லை.

1912 செப்டம்பரில் ஒரே இரவில் ‘தீர்ப்பு’ கதையை எழுதினார். இரண்டு வாரம் கழித்து, ஆலையைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிக் குடும்பம் நெருக்கியதால் தற்கொலை வரை யோசித்ததாக நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் கடிதம். வாழ்க்கை வரலாறுகளில் இந்த ஆலைக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்: எழுத்தாளனின் நேரத்தைத் தின்ற தொல்லை. உலகப் போரின்போது ஆலை முடங்கி ஒழிந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் பிறகு எப்படி மூச்சு விட்டார்கள் என்பதை இத்தனை வருட காஃப்கா ஆய்வில் நான் எங்கும் வாசித்ததில்லை.

காஃப்கா 1924 ஜூன் 3 அன்று காசநோயில் இறந்தார். அதே வருடம் மார்ச் 14 அன்று இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தார், 33 வயது. டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்றவர். நோயோடு இருந்தபோது உதவி கேட்டார். அப்படி ஒரு நோய் சட்டப் பட்டியலில் இல்லை என்று கம்பெனி மறுத்தது. அவருடைய நுரையீரலைப் பார்த்து டாக்டர் குக் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். மூன்று வருடம் கழித்து நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வைத்தார். பெயர் வந்த பிறகுதான் கோரிக்கைக்கு வழி பிறந்தது. 1931-ல் பிரிட்டனில் விதிகள் வந்தன. நெல்லியின் கல்லறையில் பெயர்க்கல் வைக்கவில்லை.

*

பிரிமோ லெவியின் ‘தனிம அட்டவணை’ நூலில் நிக்கல் என்றொரு அத்தியாயம் உண்டு. 1941 கடைசியில், யூதர் என்பதால் வேலை கிடைக்காத இளம் வேதியியலாளர் லெவி, துரின் அருகே பலாஞ்செரோ கல்நார்ச் சுரங்கத்தில் அடையாளத்தை மறைத்து வேலைக்குச் சேர்கிறார். நாரைப் பிரித்த பிறகு மலையாகக் குவியும் கழிவுக் கல்லில் கொஞ்சம் நிக்கல் இருக்கிறது, அதை எடுக்க முடியுமா என்பதே அவருக்குக் கொடுத்த வேலை. எங்கும் கல்நார்த் தூசி, சாம்பல் மாதிரி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. லெவி அதைப் பார்க்கிறார், எழுதுகிறார், நகர்கிறார். அவருக்கு வேண்டியது நிக்கல்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லெவியிடம் எனக்குப் பிடித்ததே, வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர் சொல்லிவிடுகிறார் என்பதுதான். பாறை எங்கே உடைபடுகிறது, எது எங்கே விழுகிறது, தூசி எதனால் எழும்புகிறது என்று சொன்னாலே போதும், மீதியை வாசகன் போட்டுக்கொள்வான். நூல் வெளிவந்த 1975-ல் கல்நார் என்ன செய்யும் என்று உலகத்துக்குத் தெரியும். அந்தச் சாம்பல் நிற வரிகள் எச்சரிக்கை எதுவும் இல்லாமலே குளிரவைப்பது அதனால்தான்.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் தொழிலாளர் நாவல்கள் குறைவில்லை. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நெசவாளர்களின் பட்டினியைச் சொன்னது. டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிக்குள் நம்மை இறக்கியது. நாற்றம் தாளில் ஏறிய நாவல். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ திருப்பூரின் ஆற்றைப் பார்த்தது. இரா. முருகவேளின் ‘முகிலினி’ ஒரு விஸ்கோஸ் ஆலையின் முழு ஆயுளையும், பவானி ஆற்றையும் சேர்த்துப் பிடித்தது. இவற்றில் பசி உண்டு, சங்கம் உண்டு, துப்பாக்கிச்சூடு உண்டு, கறுத்த தண்ணீர் உண்டு. எல்லாமே கண்ணுக்குத் தெரிவன. தெரியாத ஒன்றை, முப்பது வருடம் கழித்து வரும் ஒன்றை, எந்த ஆலையில் யார் கொடுத்தது என்றே சொல்ல முடியாத ஒன்றை நம் நாவல் இன்னும் தொடவில்லை என்பது என் வாசிப்பு. ‘முகிலினி’ அதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் அது தலைமுறைகளைக் கணக்கில் எடுக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு ஆலை இருக்கிறது, ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, எதிரே போய் நிற்க ஒரு கேட் இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த கேட் கிடையாது. இங்கே இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வரை வேலை பார்க்கிற ஒரு பையன் ஐந்து வருடத்தில் மூன்று கான்ட்ராக்டர், நான்கு கம்பெனி, இரண்டு அடையாள அட்டை பார்த்துவிடுவான். அவனை நாயகனாக வைத்து எழுதினால் மூன்றாவது அத்தியாயத்திலேயே இடம் மாறிவிடுகிறது. நம் யதார்த்த நாவலுக்கு ஓர் ஊர் வேண்டும், அல்லது ஒரு ஆலை வேண்டும். இவனுக்கு இரண்டும் இல்லை. இது எழுத்தாளர்களின் சோம்பல் இல்லை, வடிவத்தின் சிக்கல் என்றுதான் நினைக்கிறேன்.

*

பெரியப்பா லேகிங் வேலை பார்த்தவர். வாலாஜாபாத்தில் இருக்கிறார், வயது 67. எழுபதுகளின் கடைசியிலிருந்து பதினைந்து வருடம் போல, கடலோர அனல் மின் நிலையம் ஒன்றில் கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவிக் குழாய்க்குச் சூடு வெளியேறாமல் மேலே உறை போடுவதுதான் லேகிங். ஓவர்ஹால் சமயத்தில் பழைய உறையை உடைத்து எடுக்க வேண்டும். அதுதான் மோசமான வேலை.

“பவுடர தண்ணில கொழச்சி, களி மாதிரி அப்பணும். மேல துணி சுத்தணும். வளைவு வர்ற எடத்துல கல்நாரு கயிறு. ஒடைக்கும்போது பாத்தியன்னா பக்கத்துல நிக்கிறவன் மொகம் தெரியாது.”

“மூஞ்சிக்குத் துணி கட்டுவீங்களா பெரியப்பா?”

“துண்டுதான். மத்தியானம் அதையே ஒதறிப்புட்டு, விரிச்சிப் படுப்போம்.”

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகள் வந்தபோது இங்கேயும் இன்சுலேஷன் வேலைக்கு வந்தார். இங்கே ராக்வூல், கிளாஸ்வூல். உடம்பு அரிக்கும், ஆனால் கல்நார் இல்லை. இந்தப் புது ஆலைகளின் தரை என் லேப்டாப் திரையைவிடச் சுத்தமாக இருக்கும். கல்நார் இன்றைக்கு இந்தப் பகுதியில் இருப்பது வேறு இடங்களில்: தொழிலாளர் தங்கும் அறைகளின் கூரையில், பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கில், ஸ்கிராப் கடைக்கு வரும் பழைய பாய்லர் சாமான்களில். கூரை ஷீட் உடையாமல் கிடக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லை. அளவுக்கு வெட்ட கிரைண்டரை வைக்கும்போதுதான் வெள்ளைப் புகை மாதிரிக் கிளம்பும். எங்கள் தெருவில் அந்தப் புகைக்கு நடுவே ஒரு பையன் செருப்புக்காலோடு உட்கார்ந்து வெட்டுவதைப் போன மாதம்கூடப் பார்த்தேன். இந்தியா கல்நார்ச் சுரங்கத்துக்கு 1986 முதல் புது உரிமம் தருவதில்லை. இறக்குமதிக்குத் தடை இல்லை. வருடத்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பாலும் ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசிலிலிருந்து வருகிறது. பிரேசில் தன் நாட்டில் 2017-லேயே தடை செய்துவிட்டது.

நான்கு வருடமாகப் பெரியப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது. ஒரு முறை ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை, இரைப்பும் குறையவில்லை. பிறகு ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இரண்டு நுரையீரலின் அடிப்பக்கமும் தழும்பு இருக்கிறது, என்ன வேலை பார்த்தார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “அத யாரும் எழுதலையே” என்றார்.

பழைய ஓ.பி. சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினொரு சீட்டு. தொழில் என்ற இடத்தில் ஏழில் ‘கூலி’. மூன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் ‘விவசாயம்’. எங்களுக்கு நிலமே கிடையாது.

ஆஸ்பெஸ்டோசிஸ் இந்தியச் சட்டத்தில் இல்லாத நோய் இல்லை. தொழிற்சாலைகள் சட்டப்படி டாக்டர் தெரியப்படுத்த வேண்டிய நோயாக இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும், 1923-ன் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலும் இருந்தது. நெல்லி கெர்ஷாவுக்குச் சொன்ன பதிலைப் பெரியப்பாவுக்கு யாரும் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டது வேறு: அந்த வேலையில் இருந்ததற்கு ஆதாரம். கான்ட்ராக்டர் இறந்துவிட்டார், மஸ்டர் ரோல் எங்கே போனதோ. ஆதாரம் என்று அவரிடம் இருப்பது ஸ்கேனில் தெரியும் தழும்பு மட்டும்.

*

அந்தச் சமயத்தில்தான் தீர்ப்பைப் படித்தேன். அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி, ஆய்வு மையம் மத்திய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. மனு 1986-ல், கல்நார் பாதுகாப்புக்கான ஐ.எல்.ஓ. உடன்படிக்கை வந்ததும் அதே வருடம்தான், இந்தியா அதை இன்றுவரை ஏற்கவில்லை. தீர்ப்பு 1995 ஜனவரி 27. மூன்று நீதிபதிகள் அமர்வு, எழுதியவர் கே. ராமசாமி.

உரைநடையாகப் பார்த்தால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும். முதல் பாதி உயரத்தில் பறக்கிறது. வாழ்வுரிமை என்றால் என்ன, மாண்பு என்றால் என்ன, அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவும் வழிகாட்டு நெறிகளும் எப்படிக் கைகோக்கின்றன என்று மேற்கோளுக்கு மேல் மேற்கோள். தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று நிறுவுவது இங்கேதான். சட்டம் படித்தவர்கள் கொண்டாடும் பகுதி. எனக்கு அங்கே மூச்சு முட்டியது. அத்தனை பக்கத்திலும் ‘தொழிலாளி’ ஒருமையில், பெயர் இல்லாமல், ஒரு கருத்தாக மட்டும் வருகிறார். அவர் இருமுவதே இல்லை.

கடைசியில் உத்தரவுகள். நடை சட்டென்று மாறுகிறது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் காப்பீடு வேண்டும். குஜராத்தின் தொழிலாளர்களை அகமதாபாத் தேசியத் தொழில்சார் நல நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், நோய் உறுதியானால் மூன்று மாதத்துக்குள் ஆலை ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும்.

அந்த 40 வருடம்தான் என்னை நிறுத்தியது. உருவகம் இல்லை, அறம் இல்லை, வெறும் எண். ஆனால் நான் மேலே சொன்ன எழுத்துகள் எதிலும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: இந்த நோயின் காலம். காஃப்கா ஆறு மணிக்கு முடித்துவிட்டதை இது ஒரு மனிதனின் வேலைக்காலம் முழுக்க நீட்டுகிறது. ஒரு எழுத்தாளன் செய்ய வேண்டிய கற்பனையை ஒரு நிர்வாக உத்தரவு செய்துவிட்டது.

அதே உத்தரவு தவறவிட்டதும் உண்டு. அது பேசுவது ஆலையிடம். கல்நாரைச் செய்யும் ஆலைக்கு கேட் உண்டு, பதிவேடு உண்டு. செய்த கல்நாரை வேறெங்கோ குழாயில் சுற்றுகிறவன் அந்தப் பதிவேட்டில் வரமாட்டான். அனல் மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி 2005-ல் ஒரு பொதுநல மனு போனது. 2014-ல் உச்ச நீதிமன்றம் கண்காணிக்கும் பொறுப்பை அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்களிடம் விட்டது. நடுவில் 2011-ல், கல்நாரைத் தடை செய்யக் கோரிய இன்னொரு மனுவை, போட்டித் தொழிலுக்கு ஆதரவாகத் தொடுத்தது, நல்லெண்ணம் இல்லை என்று தள்ளுபடி செய்தது. மனுதாரரின் நோக்கம் என்ன என்பது நல்ல துப்பறியும் கதை. நுரையீரல் அதில் துணைப் பாத்திரம்.

*

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில், ஆலைகளுக்கான ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவு மென்பொருள் செய்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை வந்தது: வேலையை விட்டுப்போனவர்களின் பதிவுகளை ஐந்து வருடம் கழித்துத் தானாக அழிக்க வேண்டும். முப்பது வரி இருக்கும். ஒரு மதியத்தில் எழுதினேன், டெஸ்ட் பண்ணினேன், ஏற்றினேன். ஞாயிறு அதிகாலை ஓடும். எத்தனை வரிசை அழிந்தது என்று எனக்கே மெயில் வரும். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அந்த மெயில்களை நான் தனி ஃபோல்டரில் போட்டு, படிக்காமலே வைத்திருந்தேன்.

தீர்ப்பைப் படித்த வாரம் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். இவற்றை வைத்திருக்கலாமே, யார் எந்த ஆலையில் எந்தப் பிரிவில் இருந்தார் என்றாவது. ஒருவரின் நாற்பது வருட வருகைப் பதிவு இரண்டு மூன்று குட்மார்னிங் படங்களின் எடைதான் வரும். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். “கஸ்டமர் கேக்கலயே. சட்டப்படி இது போதும்னு சொல்லியிருக்காங்க. நம்ம கஸ்டமர் யாரும் ஆஸ்பெஸ்டாஸ் ஃபேக்டரியும் இல்ல” என்றார். மூன்றுமே சரி. ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது. போன ஞாயிறு 1,212 வரிசைகள்.

இப்போது சனிக்கிழமைகளில் வாலாஜாபாத் போகிறேன். பெரியப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பட்டியலை ஒரு ஷீட்டில் ஏற்றுகிறோம் (இந்த ஷீட்டுக்கு அவர் சிரித்தார்). பெயர், ஊர், எந்த வருடம், எத்தனையாவது யூனிட், இருக்கிறாரா. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, ஒன்றாக வேலை பார்த்தோம் என்று உறுதி சொன்னால் அதையும் ஆதாரமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் தெரிந்த வழக்கறிஞர். ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பதினான்கு பேரில் பலருக்குப் பட்டப்பெயர்தான் பெரியப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. தொழில் என்ற கட்டத்தில் முதல் ஆளுக்குக் ‘கூலி’ என்று கை தானாக அடித்துவிட்டது. “லேகர்னு போடு” என்றார். மாற்றினேன். ஏழாவது ஆளுக்குப் பெயரே கிடைக்கவில்லை. செய்யாறு பக்கத்து ஆள், ராத்திரி ஷிஃப்டில் நன்றாகப் பாடுவார், உடைக்கிற வேலைக்கு எப்போதும் அவரைத்தான் உள்ளே அனுப்புவார்களாம், ஒல்லியாக இருப்பதால். ஊர்க் கட்டத்தில் செய்யாறு என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அங்கே போய் விசாரிக்கலாம் என்கிறார் பெரியப்பா. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார அவரால் முடியாது, கார் சொல்ல வேண்டும்.